கைப்பிடி ஆடும் வாளை மேடையேற்றலாமா?

கோவை மாவட்டத்தில் சிலம்பமும் வாள்வீச்சும் கற்றுத்தரும் ஆசான் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் இணையக் கடை ஒன்றில் 18,500 ரூபாய் கொடுத்து, வடமாநிலப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்ட வாளை அவர் வாங்கியிருக்கிறார். விளம்பரம் அதை ‘கையால் அடித்த டமாஸ்கஸ் எஃகு, 200 மடிப்பு, போருக்கே தாங்கும்’ என்றது. பில்லிலோ ‘அலங்காரப் பொருள்’ என்று அச்சிட்டிருக்கிறது. அலகின் நீளம் 76 செ.மீ., கைப்பிடி ஓரத்தில் முதுகின் கனம் 5 மி.மீ. காகிதத்தைச் சர்ரென்று அறுத்ததால் நல்ல வாள் என்று நம்பியிருக்கிறார். இரண்டாம் வாரம் வாழைத்தண்டு வெட்டியபோது ஒரு வெட்டு கோணலாகப் பட்டு, நுனிக்கு ஒரு சாண் கீழே வளைந்து அப்படியே நின்றுவிட்டது. முழங்காலில் வைத்து நிமிர்த்தியிருக்கிறார். அன்றுமுதல் வாளைக் குலுக்கினால் கைப்பிடிக்குள் ‘கடகட’ என்கிறது. மாணவர் ஒருவர் கூர் ஓரத்தில் அரம் போட்டபோது, அரம் எளிதாகக் கடித்திருக்கிறது.

அரைவட்டமாக வளைத்து விட்டால் திரும்பி நிற்பதே உண்மையான வாள், வளைத்துப் பார் என்கிறார் ஒரு நண்பர். இதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அரிவாள் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒன்று அடித்துக்கொள் என்கிறார் இன்னொருவர். வரும் விஜயதசமி நிகழ்ச்சியில் மாணவன் ஒருவனின் கழுத்தில் வாழைக்காயை வைத்து இந்த வாளால் வெட்டிக் காட்டும் எண்ணமும் ஆசானுக்கு இருக்கிறது. வாள் தரமானதா, தானே சோதிக்க வழி உண்டா, பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள ஆசான் அவர்களுக்கு,

மூன்று கேள்விகளுக்கும் முன்பாக, நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவனின் கழுத்தில் வாழைக்காயை வைத்து வெட்டும் காட்சியை இந்த வாளால் செய்யாதீர்கள். இதைவிடச் சிறந்த வாள் கைக்கு வந்தாலும் செய்யாதீர்கள். உலோகத்தை எந்தச் சோதனைக் கூடத்துக்கும் அனுப்பலாம். வியர்த்த உள்ளங்கையையும் பிள்ளை எதிர்பாராமல் தும்முவதையும் எந்தக் கூடமும் சோதித்துத் தராது. பிள்ளை சம்மதித்தான், பெற்றோர் கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் விபத்துக்குப் பிறகு உங்களுக்குக் கேடயமாக நிற்கும் என்று எண்ணாதீர்கள். வாழைத்தண்டை மரத்தாங்கியில் நிறுத்தி ஒரே வீச்சில் துண்டாக்கினாலும் கூட்டம் கைதட்டத்தான் செய்யும்.

முதலில் கைப்பிடி

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அலகு வளைந்ததைப் பற்றியது. என்னை அதைவிட அதிகம் கவலைப்படுத்தியது, போகிற போக்கில் நீங்கள் ஒரே வரியில் எழுதிய அந்தக் ‘கடகட’ ஒலிதான். அலகு வளைந்து நின்றதிலிருந்து அது மென்மையானது என்று தெரிகிறது. மென்மையான எஃகு வளையுமே தவிரப் பெரும்பாலும் சட்டென்று முறியாது. கைப்பிடிக்குள் நடப்பது வேறு. வெட்டு விழும்போது அலகின் நீளம் முழுவதும் நெம்புகோலாகி, அதிக வளைவு விசையைக் கைப்பிடி வாயில்தான் இறக்குகிறது. வாளில் மிக வலுவாக இருக்க வேண்டிய அதே இடத்தில்தான் மலிவு வாள்கள் சிக்கனம் பிடிக்கின்றன. அலகு கைப்பிடிக்குள் நுழைந்ததும் நின்றுவிட, அதன் முனையில் மரையிட்ட மெல்லிய கம்பி ஒன்றை வெல்டிங் செய்து, அடியில் நட்டுப் போட்டு முடுக்கிவிடுவார்கள். கரி (கார்பன்) மிகுந்த எஃகில் போட்ட வெல்டிங் விரைவாக ஆறும்போது, பற்றுக்கு ஓரத்தில் கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடிய பட்டை ஒன்று உருவாகும். அது முறியும்போது முன்னறிவிப்பு இருக்காது. அலகு வீசிய திசையிலேயே பறக்கும், அந்தத் திசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் உங்கள் மாணவர்கள்.

அலகின் வால், அதாவது கைப்பிடிக்குள் செருகப்படும் பகுதி, குட்டையாக இருப்பதாலேயே வாள் போலி என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். வட இந்தியத் தல்வார் வாள்களின் உலோகக் கைப்பிடிக்குள் குட்டை வாலை அரக்குக் கலவையால் இறுக்குவது பழைய மரபுதான். ஆனால் அந்த வால் அகலமானது, அலகோடு ஒரே துண்டாக அடிக்கப்பட்டது, வெல்டிங் எதுவும் இல்லாதது. எனவே உங்கள் வாளின் ஒலிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அரக்கோ பசையோ உடைந்து தூளாகியிருக்கலாம், நட்டு தளர்ந்திருக்கலாம், வெல்டிங் விரிசல் விட்டிருக்கலாம். முதல் இரண்டும் சரிசெய்யக்கூடியவை, மூன்றாவதோ உயிராபத்து. வெளியிலிருந்து பார்த்து எது என்று என்னாலும் சொல்ல முடியாது, வேறு யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மாவட்டத்தில் குழாய், பாய்லர் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் கூடங்கள் இருக்கின்றன. கைப்பிடியைக் கழற்றாமலேயே அங்கே ஒரு படம் எடுத்துவிடலாம். அகலமான வால் சட்டென்று ஒல்லிக் கம்பியாக ஒடுங்குவது படத்தில் தெரிந்தால், அந்த வாளின் பயிற்சி வாழ்வு அத்துடன் முடிந்தது என்று கொள்ளுங்கள். படம் வரும்வரை வெறுங்காற்றில்கூட அதை வீச வேண்டாம்.

அலைவரிகளும் 200 மடிப்பும்

டமாஸ்கஸ் எஃகு என்பது நம் முன்னோர் கொங்கு மண்ணில் உருக்கிய எஃகுதானே, அது எப்படி வளையும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பெருமிதத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தென்னிந்தியாவில் மூசையில் (மண் உருக்குக் கலத்தில்) உருக்கிய உயர்கரி எஃகு மேற்காசியா வரை சென்றது; அலைவரி தெரியும் பழைய டமாஸ்கஸ் வாள்கள் அத்தகைய எஃகில் அடித்தவை. பக்கத்து ஈரோடு மாவட்டக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகில் கரி ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு இருக்கும். மெதுவாக ஆறி, மிதமான சூட்டில் பொறுமையாக அடிக்கப்படும்போது கரியும் இரும்பும் சேர்ந்த கடினத் துகள்கள் உள்ளே வரிசைகட்டி, அந்த வரிசையே நீர்க்கோலமாக மேலே தெரியும்.

ஆனால் இன்று சந்தையில் டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்பனையாகும் பெரும்பாலானவை முற்றிலும் வேறு பொருள். இருவகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டி, முறுக்கி, கடைசியில் அமிலத்தில் நனைத்து வரியை எடுத்துக் காட்டுகிறார்கள். ஒன்றில் நிக்கல் இருந்தால் அது வெளுப்பாகவே நிற்கும், மற்றது கறுக்கும். நல்ல எஃகுகளை அடுக்கி ஒழுங்காகக் காய்ச்சித் தோய்த்துப் பதம் போட்டால் இதிலும் தரமான வாள் செய்யலாம், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. என்றாலும் வரி என்பது அழகுக்கானது. ஒரே சீரான நல்ல எஃகுப் பட்டையைவிட அது எவ்விதத்திலும் வலிமை கூட்டாது. ஒட்டாமல் விட்டுப்போன ஓர் அடுக்கு உள்ளே இருந்தால் அங்கிருந்துதான் பிளவு தொடங்கும். போதாக்குறைக்கு, மலிவுச் சரக்கில் கரி குறைந்த மென்னிரும்பையும் சேர்த்து அடுக்குவது உண்டு. அப்படிப்பட்ட அலகு எத்தனை முறை தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றுவது) கொடுத்தாலும் இறுகாது.

200 மடிப்பு என்பது நடக்கவே முடியாதது. ஒரு முறை மடித்தால் அடுக்குகள் இரட்டிப்பாகும். பத்து மடிப்பில் 1,024 அடுக்கு, 25 மடிப்பில் 3 கோடியே 35 லட்சம். உங்கள் வாளின் 5 மி.மீ. கனத்தை அத்தனை பங்காக்கினால் ஓர் அடுக்கு இரும்பு அணு ஒன்றைவிட மெல்லியதாகிவிடும். ஜப்பானியக் கொல்லர்கள் மணலிரும்பிலிருந்து எடுத்த எஃகை மடிப்பது, அதில் கலந்திருக்கும் கசடை வெளியேற்றிக் கரியைச் சீராகப் பரப்புவதற்காகத்தான். அதுவும் ஏறத்தாழ 10 முதல் 15 முறையோடு நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு காய்ச்சலிலும் கொஞ்சம் கரி எரிந்துபோவதால் அதற்கு மேல் மடிப்பது எஃகைக் கெடுக்கும். விற்றவர் 200 அடுக்கு என்று சொல்ல வந்திருக்கலாம். அதற்கு எட்டு மடிப்பே மிகுதி.

வரி உண்மையா, மேலே பதித்த வெறும் படமா என்பதை வாளின் முதுகைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பக்கத்தில் ஓடும் கோடு முதுகில் ஏறி மறுபக்கம் தொடர வேண்டும்; ஓரத்தோடு நின்றுவிட்டால் அது மேற்பூச்சு.

வளைத்துப் பார்ப்பது எதைக் காட்டும்

நண்பர் சொன்ன அரைவட்டச் சோதனையைச் செய்யாதீர்கள். வளைத்தால் எளிதில் வளையும் வாள் மோசம் என்றும், விறைப்பாக நிற்பது நல்லது என்றும் பலர் எண்ணுகிறார்கள். விறைப்புக்கும் பதத்துக்கும் தொடர்பே இல்லை. பதம் போடாத எஃகும் பதம் போட்ட எஃகும், ஒரே வடிவமும் கனமும் இருந்தால், ஒரே விசைக்கு ஒரே அளவுதான் வளையும். விசையை எடுத்தபின் முழுதாகத் திரும்புகிறதா என்பதில்தான் பதத்தின் வேலை இருக்கிறது. அதிலும் கனத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் வாளின் நீளமும் 5 மி.மீ. கனமும் உள்ள மென்னெஃகுப் பட்டையை ஒரு முனையில் இறுக்கிப் பிடித்து, மறுமுனையை ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளினாலே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். நன்றாகப் பதம் போட்ட ஸ்பிரிங் எஃகு அதைப்போல் சில மடங்கு தள்ளினாலும் நேராகிவிடும். ஆனால் கனம் 3 மி.மீ. என்றால் மென்னெஃகே 15 செ.மீ. வரை தாங்கித் திரும்பும். காணொளிகளில் ஒல்லி வாளை வளைத்துக் காட்டி வியாபாரம் செய்வோருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் வாளைப் பொறுத்தவரை வளைவுச் சோதனையை வாழைத்தண்டே செய்து முடித்துவிட்டது. வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர். வெட்டு கோணலாகப் பட்டிருந்தாலும், முழுதும் பதம் போட்ட 5 மி.மீ. அலகு அதில் வளைந்து நிற்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஜப்பானிய முறையில் முதுகில் களிமண் பூசித் தோய்த்த வாளில் கூர் ஓரம் மட்டும் மிகக் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் இருக்கும், அது கோணல் வெட்டில் வளையலாம். ஆனால் அத்தகைய வாளின் கூர் ஓரத்தில் அரம் வழுக்கியிருக்கும். உங்களுடையதில் அரம் கடித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அலகுக்குத் தோய்ச்சலே சரியாகக் கிடைக்கவில்லை, அல்லது தோய்ச்சல் ஏற்கும் எஃகே அது இல்லை என்று கருதுகிறேன். காகிதத்தை அறுத்தது சாணை பிடித்தவரின் திறமை. பதம் இல்லாத எஃகையும் அந்த அளவுக்குக் கூராக்கலாம், அது நிலைக்காது, அவ்வளவுதான்.

இதைச் சான்றோடு நிறுவ இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, ராக்வெல் கடினத்தன்மைச் சோதனை. கூர் ஓரத்துக்கு அருகிலும் முதுகுப் பக்கமாகவும் அளக்கச் சொல்லுங்கள். ஊசி முனையளவு தடம்தான் விழும். முழுதும் பதம் போட்ட வெட்டுவாளில் ‘சி’ அளவுகோலில் 48 முதல் 54 வரை எதிர்பார்க்கலாம், 20-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் அது பதம் காணாத இரும்பு. இரண்டாவது, எஃகில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க ஃபவுண்டரிகளில் வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரோ சோதனை. கரி 0.5 முதல் 0.8 விழுக்காடு வரை இருந்தால் வாளுக்கு ஏற்றது, 0.3-க்குக் கீழே என்றால் ஏற்றதன்று. அடுக்கு எஃகில் கிடைப்பது சராசரி எண்தான் என்பதை மனத்தில் வையுங்கள். பழைய இரும்புக் கடைகளில் துப்பாக்கி போல் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி இதற்கு உதவாது, அது கரியை அளப்பதில்லை.

பணம் திரும்பக் கேட்பது

நான் வழக்கறிஞன் அல்லன். சோதனை அறிக்கைகள் தொடர்பாக நுகர்வோர் ஆணையங்களில் நான் கண்ட அளவில் சொல்கிறேன். முழங்காலில் நிமிர்த்திவிட்டதாலும், பில்லில் ‘அலங்காரப் பொருள்’ என்று இருப்பதாலும் உரிமை போய்விட்டது என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். அப்படியில்லை. போருக்கே தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு அலங்காரப் பொருள் என்று பில் போட்டிருப்பது விற்றவருக்குத்தான் சங்கடம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாகவே குறிப்பிடுகிறது. வாங்கிய கடை எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காலவரம்பு 2 ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

அதற்கு முன் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், நாளையே அது மாறிவிடலாம். இணையக் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மின் வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. வாளை நிமிர்த்தியதையும் அரம் போட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள். இனிமேல் கைப்பிடியைக் கழற்றுவதோ மேலும் அரம் போடுவதோ வேண்டாம். நான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ராக்வெல் தடம் சிறியதுதான், ஆனாலும் புகார் அனுப்பிய பிறகே அளக்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரோ நாணயம் அளவுக்குச் சுட்ட வடு விடும், ஆகவே பேச்சு முறிந்தால் மட்டும் அது.

இதே வாளை மறுபடி உலையில் வைத்துப் பதம் போடலாமா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். என்ன எஃகு என்று தெரியாத அடுக்கு அலகை மறுபடி காய்ச்சினால் அது கோணலாகலாம், அடுக்கு பிளக்கலாம், புகாரும் வலுவிழக்கும். வேண்டாம்.

பட்டறையில் புதிதாகச் செய்வதானால்

லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகுதான்; திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயருக்குப் பின்னால் அப்படிப்பட்ட எஃகும் அதைப் பதமறிந்து தோய்க்கும் கைகளும் இருக்கின்றன. ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத சோர்வு விரிசல்கள் இருக்கலாம். கையகல அரிவாளில் அது பெரிதாகத் தெரியாது, முக்கால் மீட்டர் வாளில் அதுவே முறிவிடமாகும். ஈஎன் 45 என்ற ஸ்பிரிங் எஃகில் புதிய பட்டையை ஆலைச் சான்றிதழோடு வாங்கிக் கொடுங்கள், விலை வித்தியாசம் பெரிதல்ல.

இன்னொரு சிக்கல் உலையின் நீளம். அரிவாள் உலையில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான் ஒரே சூட்டுக்கு வரும். வாளை அதில் முன்னும் பின்னும் இழுத்துக் காய்ச்சினால் ஓரிடம் சிவந்திருக்க மறுஇடம் கறுத்திருக்கும், பதமும் அப்படியே திட்டுத்திட்டாக அமையும். கொல்லரிடம் வடிவத்தை மட்டும் அடித்து வாங்கிக்கொண்டு, தோய்ச்சலையும் பதத்தையும் நீள உலை உள்ள ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தில் செய்துகொள்வதே என் பரிந்துரை. கையால் அடித்தது என்பதால் உலைக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு தயக்கம் பலருக்கு உண்டு. எஃகுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் சூடும் நேரமும்தான். அலகை எண்ணெய்த் தொட்டியில் செங்குத்தாக இறக்கச் சொல்லுங்கள், கோணல் குறையும். கடினத்தன்மை 48 முதல் 52 வரை என்று எழுதிக் கொடுங்கள். அதே பட்டையிலிருந்து விரலளவு துண்டு ஒன்றை அலகோடு சேர்த்துத் தோய்த்து, மிதமான சூட்டில் மறுபடி காய்ச்சிப் பதம் போடும் முன் உடைத்துப் பாருங்கள். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் நேர்த்தியாக இருந்தால் நல்லது. பொடிக்கற்கள் மின்னுவதுபோல் பரபரவென்று இருந்தால் சூடு மீறிவிட்டது என்று பொருள்.

கைப்பிடிக்குள் போகும் வால் அலகோடு ஒரே துண்டாக, அலகின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாலும் அலகும் சேரும் உள்மூலையைக் கூர்மையாக வெட்டாமல் 2, 3 மி.மீ. வளைவாக விடச் சொல்லுங்கள், முறிவு அந்த மூலையில்தான் பிறக்கும். கைப்பிடிக்கு இரண்டு ரிவெட்டுகள் போதும். சாணை பிடிக்கும்போது கூர் ஓரம் நீலம் பாரித்திருந்தால் அங்கே சூடு மீறிப் பதம் இறங்கியிருக்கலாம், வாங்காதீர்கள். எடை ஒரு கிலோவைச் சுற்றி இருந்தால் போதும். கனமான வாள் உறுதியானது என்பது தவறான எண்ணம், அது தோளைத்தான் சோர்வாக்கும்.

கொல்லரிடம் போகும் முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட, வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கு அல்லாத அலகுகளை ஆயுத விதிகள், 2016 ஆயுத வகையில் சேர்க்கின்றன. அரிவாள் வேளாண் கருவி என்பதால் தப்பும், வாள் தப்பாது. வைத்திருக்க உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதிக்கான அறிவிக்கையைப் பொறுத்தது. செய்து தருபவருக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு முன் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் முடித்துப் புதிய வாள் விஜயதசமிக்குள் வந்து சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொல்லரை அவசரப்படுத்தினால் முதலில் குறைவது பதம் போடும் நேரம்தான். இந்த ஆண்டு மேடைக்குச் சிலம்பமும் மரவாளும் போதும். பழைய வாளின் பணம் திரும்பி வராமல் போனால், கூர் ஓரத்தை 2 மி.மீ. அளவுக்கு மழுக்கி, சுவரில் யாரும் எளிதில் கழற்ற முடியாதபடி திருகாணி போட்டு மாட்டிவிடுங்கள். பயிற்சிக்கூடத்து மூலையில் சும்மா சாய்த்து வைத்திருந்தால் என்றாவது ஒரு மாணவன் அதை எடுத்து வீசிப் பார்ப்பான்.